காஸ்மிக் கதிர்கள் வந்த திசையே தெரியாதபோது, அவை பிறந்த இடத்தை எப்படிச் சொல்கிறார்கள்?

திசை பயன்படாது என்பது சரிதான். காஸ்மிக் கதிர்கள் என்பவை விண்வெளியிலிருந்து வரும் மின்னூட்டமுள்ள துகள்கள்; காந்தப்புலம் அவற்றை வளைத்துவிடும். இவற்றில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு புரோட்டான்கள். பால்வெளியின் காந்தப்புலம் மிக மிக மெல்லியது. ஆனாலும் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டானை, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிடச் சின்ன வட்டத்தில் சுற்ற வைத்துவிடும்.

அதனால் கூடவே வரும் அணுக்கருக்களைப் பார்க்க வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது போரான். நட்சத்திரங்கள் அதை அநேகமாக உருவாக்குவதே இல்லை. சூரியக் குடும்பத்தில் அது மிக அரிது. காஸ்மிக் கதிரிலோ, குறைந்த ஆற்றல்களில், கார்பனில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குப் போரான் இருக்கிறது. வழியில் கார்பனும் ஆக்சிஜனும் விண்மீன்களுக்கு இடையிலுள்ள வாயுவில் மோதி உடைந்ததால் வந்தது அது. அந்த விகிதம் வர, ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில கிராம் பொருளை அவை கடந்திருக்க வேண்டும். பால்வெளித் தட்டை நேராக ஒருமுறை கடந்தால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறுவது கஷ்டம். ஆக, நேராக வரவில்லை; அலைந்து திரிந்துதான் வந்திருக்கின்றன.

முதுகலை ஆய்வுக்காக இதை, பால்வெளியில் காஸ்மிக் கதிர்கள் பரவுவதைக் கணக்கிடும் 'கால்ப்ராப்' கணினி நிரலில் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். தட்டுக்கு மேலும் கீழும் கதிர்கள் உலவும் பகுதியின் உயரத்தை 13,000 ஒளியாண்டிலிருந்து 26,000 ஆக்கினேன். பரவும் வேகத்துக்கான எண்ணையும் இரட்டிப்பாக்கினேன். போரான்-கார்பன் விகிதத்தின் கோடு கிட்டத்தட்ட அசையவே இல்லை! இரண்டு பால்வெளிகளும் ஒரே விடையைத் தருகின்றன. இந்தச் சிக்கலை அவிழ்ப்பது பெரிலியம்-10. போரானைப் போலவே வழியில் மோதல்களில் பிறந்து, பிறகு தானாகவே சிதையும் கதிரியக்க அணுக்கரு இது. அதன் அரை ஆயுள் சுமார் 14 லட்சம் ஆண்டுகள்; எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தால் பயணக் காலம் தெரிந்துவிடும். 1997இல் ஏவப்பட்ட ஏஸ் விண்கலத்தின் அளவீடுகளிலிருந்து கிடைத்தது ஏறத்தாழ 1.5 கோடி ஆண்டுகள்.

இவ்வளவு காலத்தில் வெளியே கசிந்துபோவதை ஈடுகட்ட எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று கணக்கிட்டால், சூப்பர்நோவா எனும் நட்சத்திர வெடிப்புகளின் ஆற்றலில் சுமார் பத்தில் ஒரு பங்கு போதும். 2013இல் ஃபெர்மி தொலைநோக்கி இதற்கு நேரடிச் சான்றே தந்தது. ஐசி 443, டபிள்யூ 44 என்ற இரண்டு சூப்பர்நோவா எச்சங்களிலிருந்து வரும் காமா கதிர்களில், புரோட்டான்கள் வாயுவில் மோதும்போது பிறந்து உடனே காமா கதிர்களாகச் சிதையும் பயான் எனும் துகள்களின் முத்திரை இருந்தது. காமா கதிருக்கு மின்னூட்டம் இல்லை, நேர்கோட்டில் வரும். இங்கே திசையை நம்பலாம்.

ஆனால் 1 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டைவிடப் பத்து லட்சம் மடங்கு ஆற்றலுள்ள கதிர்களுக்கும் சூப்பர்நோவாதான் காரணம் என்று இன்னும் அடித்துச் சொல்ல மாட்டேன். 2021இல் சீனாவின் லாசோ ஆய்வகம் மிக உயர் ஆற்றல் காமா மூலங்கள் 12ஐ அறிவித்தபோது, அவற்றில் உறுதியாக அடையாளம் தெரிந்தது நண்டு நெபுலா மட்டுமே. அங்கே வேலை செய்வது நடுவிலிருக்கும் பல்சர், அதாவது வேகமாகச் சுழலும் நியூட்ரான் நட்சத்திரம்.