பிளஸ் ஒன்னில் கணிதத்துக்கே நேரமெல்லாம் போகிறது, மற்ற பாடங்களை எப்படிச் சமாளிப்பது?

கணிதம், இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல் எடுத்திருக்கிறீர்கள். மாலை முழுக்கக் கணக்குப் போட்டுவிட்டு வேதியியலைத் தேர்வுக்கு முந்தின நாள் திறப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முதலில், கணிதத்துக்கு அதிக நேரம் கொடுப்பது தவறே இல்லை. எல்லாப் பாடத்துக்கும் சமமாக ஒரு மணி நேரம் என்று பிரிப்பதுதான் வீண்.

பொறியியல் சேர்க்கைக்குக் கணக்கிடும் கட் ஆஃப் மதிப்பெண் 200-இல் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. அதுவும் பிளஸ் டூ மதிப்பெண்தான். அதற்காகப் பதினொன்றாம் வகுப்பை ஓரங்கட்டினால் அடுத்த வருடம் திணறுவீர்கள். வகையீடும் தொகையீடும் இப்போது தொடங்குகின்றன. பன்னிரண்டில் அவற்றின் பயன்பாடுகள்தான் வரும். கரிம வேதியியலின் அடிப்படையும் இந்த வருடம்தான். இயற்பியலுக்கு வெக்டர் தெரியாமல் ஒரு அடி நகர முடியாது.

கணிதத்தில் தினமும் ஐந்தாறு கணக்கு போதும், ஆனால் விடையைப் பார்க்காமல் போடுங்கள். பார்த்துப் போட்டால் புரிந்த மாதிரி இருக்கும், தேர்வில் கை ஓடாது. வேதியியலில் அன்றன்று வகுப்பில் நடத்தியதை அன்றிரவே இருபது நிமிடம் எழுதிப் பாருங்கள். அந்தப் பாடத்தை மட்டும் சேர்த்து வைக்கவே கூடாது. கணினி அறிவியலுக்கு வார இறுதி போதும்.

அப்புறம், தமிழும் ஆங்கிலமும். கட் ஆஃபில் வராது என்றாலும் மொத்தம் 600-இல் 200 அவற்றுடையது. களைத்துப்போன நேரத்தில் செய்யுளை வாய்விட்டுப் படியுங்கள், மனதுக்கும் இதமாக இருக்கும்.