ஐந்து வருட செராமிக் அனுபவம் இருக்கிறது. டிப்ளமோவை விலைக்கு வாங்கலாமா?

கேள்வி: பிளஸ் டூ அறிவியல் பிரிவு முடித்திருக்கிறேன். அமைந்தகரையில் ஒரு டென்டல் லேபில் (பல் செட், கேப் செய்கிற இடம்) ஐந்து வருடமாக வேலை. முதலில் பிளாஸ்டர், அப்புறம் மெட்டல், இப்போது இரண்டு வருடமாக செராமிக், அதாவது பல் நிற மேல்பூச்சு வேலை. டிப்ளமோ கிடையாது. புரசைவாக்கத்தில் ஒரு ஏஜென்ட், பழைய தேதி போட்ட டிப்ளமோவும் துபாயில் டென்டல் டெக்னீஷியன் வேலையும் சேர்த்து 1,80,000 ரூபாய் என்கிறார். பாதிப் பணத்தை இந்த வாரமே கட்டச் சொல்கிறார். பிளஸ் டூ மார்க் ஷீட் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு வயது 25. கட்டலாமா சார்?

பதில்: கட்டாதீர்கள் தம்பி. ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

நானும் பிளாஸ்டர் மேசையில் ஆரம்பித்தவன்தான். 28 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். இதே பேச்சை நம்பி நகையை அடகு வைத்த பையன்களை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் சட்ட நுணுக்கத்துக்குள் எல்லாம் போகாமல், அந்தக் காகிதம் எந்த இடத்தில் மாட்டும் என்பதை மட்டும் முதலில் சொல்கிறேன்.

டென்டல் டெக்னீஷியன் என்பது துபாயில் சுகாதாரத் துறையின் உரிமம் வாங்கிச் செய்ய வேண்டிய வேலை. உரிமத்துக்கு விண்ணப்பித்தால் உங்கள் சான்றிதழை அங்கே இருக்கும் அதிகாரி கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதில்லை. டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியாக, சான்றிதழ் கொடுத்ததாகச் சொல்லப்படும் கல்லூரியையும் பதிவு செய்த பல் மருத்துவக் கவுன்சிலையும் நேரடியாகக் கேட்பார்கள். வேலை பார்த்த லேபையும் கேட்பார்கள். முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கிருந்து "இந்தப் பெயரில் யாரும் படிக்கவில்லை" என்று பதில் வந்தால் முடிந்தது. அந்தப் பதில் உங்கள் பெயரில் பதிவாகிவிடும். நாளை உண்மையான டிப்ளமோவோடு போனாலும் அது குறுக்கே நிற்கும். போலி ஆவணத்தைப் பயன்படுத்துவது நம் ஊரிலும் குற்றம்தான். அந்த வழக்கு ஏஜென்டோடு நிற்காது; விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட உங்கள் பெயரிலும் வரும்.

பழைய தேதியில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன் இப்படி ஒரு டிப்ளமோவை வாங்கி வந்து காட்டினான். வெளிமாநிலத்தில் ஒரு கல்லூரி, முழுநேரப் படிப்பு, இரண்டு வருடம். அந்த மார்க் ஷீட்டை மேசையில் வைத்து, பக்கத்தில் அவனுடைய பாங்க் பாஸ்புக்கைப் பிரித்து வைத்தேன். அதே இரண்டு வருடமும் மாதம் தவறாமல் சென்னை லேபிலிருந்து சம்பளம் ஏறியிருக்கிறது. அவன் அனுபவக் கடிதத்திலும் அதே தேதிகள்தான். படிப்பைக் காட்டினால் அனுபவம் பொய்யாகிவிடும், அனுபவத்தைக் காட்டினால் படிப்பு பொய்யாகிவிடும். பையன் ஐந்து நிமிடம் பேசவே இல்லை. 90,000 ரூபாய் போனது போனதுதான். உங்கள் ஐந்து வருடத்துக்கும் இதே கதிதான் வரும். கையில் இருக்கும் உண்மையான அனுபவத்தை அந்தக் காகிதம் தின்றுவிடும்.

சரி, நிஜமான வழி என்ன? நம் சட்டத்தில் இந்த வேலைக்குப் பெயர் டென்டல் மெக்கானிக். வெளிநாட்டில் டெக்னீஷியன் என்கிறார்கள், வேலை ஒன்றுதான். 1948-ஆம் வருடப் பல் மருத்துவர்கள் சட்டத்திலேயே டென்டல் மெக்கானிக்குகளுக்குத் தனிப் பதிவேடு வைத்தார்கள். பிளஸ் டூ அறிவியல் முடித்தவர்களுக்கு இரண்டு வருட டிப்ளமோ. அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் முழுநேரமாகப் படிக்க வேண்டும். முடித்ததும் தமிழ்நாடு மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். தபாலிலோ ஆன்லைனிலோ படிக்கிற படிப்பு இல்லை இது. "கவுன்சில்", "போர்டு" என்று பெயர் வைத்துக்கொண்டு ஆறு மாதச் சான்றிதழ் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். கவுன்சில் என்று யார் வேண்டுமானாலும் பெயர்ப் பலகை மாட்டலாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்தச் சான்றிதழை வைத்து மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா?" கல்லூரி வாசலில் அதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை, கவுன்சிலிடமே கேளுங்கள். பாரிமுனைப் பக்கம் இருக்கும் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கும் ஒரு நடை போய் விசாரித்துவிட்டு வாருங்கள். அரை நாள் வேலை.

27 வயதில்தானே முடிப்பேன் என்று தோன்றும். பல நாடுகளில் படிப்பு முடிந்த பிறகு வரும் அனுபவத்தைத்தான் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இதில் எனக்குக் கோபம் இருக்கிறது. ஊரெல்லாம் பல் மருத்துவக் கல்லூரி திறந்து வருடா வருடம் டாக்டர்களை அனுப்புகிறார்கள். அவர்கள் கட்டும் ஒவ்வொரு கேப்பையும் பிரிட்ஜையும் பல் செட்டையும் யாரோ ஒருவர் கையால் செய்தாக வேண்டுமே, அவர்களைப் படிக்க வைக்க இடம் எத்தனை என்று யாரும் கேட்பதில்லை. நோயாளி வாயில் வருடக்கணக்கில் இருக்கப் போகிற பல்லைச் செய்கிறவனிடம் டிப்ளமோ இருக்கிறதா என்று கிளினிக் கேட்காது. எத்தனை நாளில் டெலிவரி, ஒரு பல்லுக்கு எவ்வளவு, இவ்வளவுதான் கேட்கும். 2023-இல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதற்குப் பிறகாவது வேலை தெரிந்தவனைச் சோதித்துப் பார்த்துப் படிப்புக்குள் கொண்டுவர ஒரு வாசல் திறக்க வேண்டும். அந்த வாசல் இல்லாததால்தான் புரசைவாக்கத்து ஏஜென்ட் பிழைக்கிறார்.

இனி அவர் அடுத்து சொல்லப் போவதைச் சொல்கிறேன். "உன் பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர், அரசாங்கத்தில் எந்த அனுமதியும் வேண்டாம்" என்பார். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வு அனுமதி தேவை என்று இருக்கும்; அது தேவையில்லாதவர்கள் ஈசிஎன்ஆர். அவர்கள் ஐக்கிய அரபு அமீரகம், சவுதி, கத்தார் போன்ற குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வாங்க வேண்டும். நீங்கள் பிளஸ் டூ. உங்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை. அதுவரை அவர் சொல்வது சரி. ஆனால் விலக்கு உங்களுக்குத்தான், அவருக்கு இல்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கிற எவரும் 1983-ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். உங்கள் பாஸ்போர்ட்டில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த விதி மாறாது. பதிவு எண்ணைக் கேளுங்கள். மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டு, அதே பெயரும் அதே முகவரியும் வருகிறதா என்று பாருங்கள். வேறு ஒருவரின் எண்ணைக் காட்டி "அவருக்கு சப் ஏஜென்ட்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்றவர்கூட சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். 1,80,000 என்று சொன்ன அன்றைக்கே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றாலும் தலையாட்ட வேண்டாம். கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. துபாய் வாய்ப்பைப் பற்றி அங்கே போய்க் கேளுங்கள்.

படிப்பில் சேரும்வரை இப்போதைய லேபிலேயே சில காரியங்கள் செய்யலாம். சம்பளம் கையில் வாங்குகிறீர்கள் என்றால் பாங்கில் போடச் சொல்லுங்கள். சேர்ந்த தேதி, பிரிவு எல்லாம் போட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்குங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற லேபாக இருந்து உங்கள் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ உங்கள் உரிமை. முதலாளி முகம் சுளித்தாலும் கேளுங்கள். மெட்டல் பக்கம் உட்காரும் நாட்களில் தூசி உறிஞ்சும் சக்‌ஷனைப் போட்டு, என்95 மாஸ்க் கட்டிக்கொண்டு உட்காருங்கள். மெட்டலை வார்க்க அச்சு செய்கிற இன்வெஸ்ட்மென்ட் தூளில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப எடுக்க வழியில்லை. வளைகுடா விசாவுக்கான உடல் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு.

கைவேலையையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு லேபுகளில் நேர்காணல் என்றால் பெரும்பாலும் மேசையில் உட்கார வைத்து ஒரு காப்பிங்கை (பல்லின் உள்கூட்டை) கொடுத்து, அதன் மேல் செராமிக் பவுடரைக் குழைத்து வைத்து பில்டப் பண்ணச் சொல்வார்கள். பவுடர் ஈரம் சரியாக இருக்கிறதா, தட்டித் தட்டி மேலே வருகிற தண்ணீரை டிஷ்யூவில் ஒற்றி எடுக்கிறீர்களா, அவசரத்தில் அப்படியே ஃபர்னஸில் வைக்கிறீர்களா என்று பார்ப்பார்கள். ஈரம் தங்கினால் சுட்டெடுத்த பல்லில் காற்றுக் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். ஏ2 ஷேடில் (பல்லின் நிற எண்) கழுத்துப் பக்கம் கொஞ்சம் அடர்த்தி, நுனியில் கொஞ்சம் ஒளி ஊடுருவல். இதை எந்த ஏஜென்டும் தேதி போட்டுத் தர முடியாது. கூடவே லேபில் ஸ்கேனர் இருந்தால் மாலையில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் டிசைன் பழகுங்கள். மெட்டல் இல்லாமல் பல் செய்கிற சிர்கோனியா வேலை நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வருகிறது.

கடைசியாக அந்த மார்க் ஷீட். நாளைக்கே போய் வாங்கி வாருங்கள். தனியாகப் போகாதீர்கள், வீட்டில் பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "காலேஜில் கேட்கிறார்கள்" என்று மட்டும் சொல்லுங்கள், வாக்குவாதம் வேண்டாம். தர மறுத்தாலோ பணம் கேட்டாலோ அங்கிருந்து நேராகப் பக்கத்துக் காவல் நிலையத்துக்குப் போய் எழுத்தில் புகார் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.