பஸ் எடுக்கும் நேரத்துக்காக வரும் சண்டையில் சாரதிக்கு அடித்தால் முதலில் போக வேண்டியது பொலிசுக்கா, ஆஸ்பத்திரிக்கா?

கேட்டவரின் தம்பி யாழ்ப்பாணம்–பருத்தித்துறை 750ஆம் இலக்க பஸ்ஸில் சாரதி. நேரம் பிந்தி எடுத்த மற்ற பஸ்காரர் நெல்லியடியில் மறித்து அடித்திருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிக்குத்தான். அதுவும் மந்திகை மாதிரி அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. தனியார் கிளினிக்கில் மருந்து கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவதால்தான் பாதி வழக்குகள் செத்துப்போகின்றன. டொக்டர் கேட்டால் "விழுந்திட்டன்" என்று சொல்லக்கூடாது. எங்கே, எதனால் அடித்தார்கள் என்று சொல்லுங்கள். பொலிஸ் படிவத்தோடு சட்ட வைத்திய அதிகாரி பார்க்க வேண்டும். கழுத்தில் சேட் கொலர் இறுகிய சிவப்புக் கோடு இரண்டு நாளில் மறைந்துவிடும்.

மூக்கு வீங்கியிருந்தால் எக்ஸ்ரே கேளுங்கள். எலும்போ பல்லோ உடைந்தால் அது தண்டனைச் சட்டக் கோவையின் 316ஆம் பிரிவு, கடுங்காயம். இல்லாவிட்டால் 314, சாதாரண காயம்; அது பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் பேசிச் சமாதானமாக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகும். வீல் ஸ்பனரால் அடித்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பிரிவே மாறும்.

முறைப்பாட்டைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதியதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பஸ்ஸின் இலக்கம், தம்பி பஸ் நிலையத்தில் இருந்து எடுத்த நேரம், நேரக்கணிப்பாளரின் புத்தகத்தில் உள்ள நேரம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சண்டையே நேரத்துக்காகத்தானே. பக்கத்துக் கடைக் கமராவையும் அன்றைக்கே பொலிசுக்குக் காட்டுங்கள், ஹார்ட் டிஸ்க் நிரம்பினால் பழையது அழிந்துவிடும்.

கண்ணாடி உடைந்திருந்தால் முதலாளி நாளைக்கே ஓட வேண்டும் என்று புதுக் கண்ணாடி போட அவசரப்படுவார். பொலிஸ் பார்க்கட்டும், இலக்கத் தகடும் தெரியப் படம் எடுங்கள். இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ் என்றால் 1982ஆம் ஆண்டின் பொதுச் சொத்துச் சட்டமும் வரும், பிணை இலகுவில் கிடைக்காது. தனியார் பஸ்ஸுக்கு அந்தச் சட்டம் இல்லை.

வேலையில் பட்ட காயத்துக்கு முதலாளியிடம் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாட்கூலிச் சாரதிக்கு நியமனக் கடிதம் இருக்காது; "அண்டைக்கு அவர் வேலைக்கு வரேல்லை" என்று முதலாளி சொன்னால் முடிந்தது. அன்றைய ஓட்டம் பதிந்த லொக் சீற்றைப் படம் பிடித்து வைத்திருங்கள்.

இனிமேல் யாராவது மறித்தால் தம்பி இறங்கவே கூடாது. சாரதிப் பக்கக் கண்ணாடியை மூடி, திறப்பைக் கழற்றிப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு 119க்கு அடிக்கட்டும். அடிக்க வருகிறவர்கள் முதலில் கை வைப்பது திறப்பிலும் கொலரிலும்தான்.

"தம்பி, சமாதானமாப் போவம்" என்று பஸ் சங்கத்தில் இருந்து ஆள் வரும். போகலாம். மருந்துச் செலவும் வேலை இழந்த நாட்களின் காசும் தொகையாக எழுதப்பட்ட பிறகு கையெழுத்து வையுங்கள்.