வேலை நேரத்தில் சொந்த முயற்சி: கேள்வி பதில்

ஊழியர்களுக்கு வேலை நேரத்திலேயே படிக்கவும் சொந்தமாக ஏதாவது செய்து பார்க்கவும் நேரம் ஒதுக்குவது பற்றி நீலகிரி நண்பர்கள் கேட்டவை. மனிதவளத் துறையில் இருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அண்ணா, கூகுளில் வாரத்துக்கு ஒரு நாள் இப்படிக் கொடுத்தார்களாமே, நிஜமா? (குன்னூர், மென்பொருள் ஊழியர்)

நிஜம்தான். 2004-இல் பங்கு வெளியிட்டபோது நிறுவனர்கள் எழுதிய கடிதத்திலேயே அந்த 20 சதவீத நேரம் இருக்கிறது. கூகுள் நியூஸ் அப்படிப் பிறந்ததுதான். செய்தவர் சென்னை ஐஐடியில் படித்த கிருஷ்ண பரத். அமெரிக்காவின் த்ரீ எம் நிறுவனமோ 1948-லிருந்தே 15 சதவீதம் கொடுக்கிறது. அங்கே 1968-இல் ஸ்பென்சர் சில்வர் கண்டுபிடித்த பசை லேசாக ஒட்டும், இழுத்தால் எளிதாகக் கழன்றுவிடும். எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. தேவாலயப் பாட்டுப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த சீட்டு கீழே விழுந்துகொண்டே இருந்த சக ஊழியர் ஆர்ட் ஃப்ரைக்குத்தான் அந்தப் பசையைச் சீட்டில் தடவலாம் என்று பொறி தட்டியது. போஸ்ட்-இட் என்ற அந்த ஒட்டி எடுக்கும் குறிப்புச் சீட்டு அமெரிக்கா முழுக்கக் கடைக்கு வந்தது 1980-இல். மூன்று மாதத்தில் பலன் கேட்கும் முதலாளிகள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எங்கள் டீ ஃபேக்டரியில் கொழுந்து குவியும்போது ஆளே பத்தாது. இது நமக்கு ஆகுமா சார்? (கோத்தகிரி)

ஆகும், ஆனால் வாரா வாரம் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து கொழுந்து குறையும்போது கொடுங்கள். இலை வாட்டும் இடத்தில் நிற்கிற ஒருவரை எனக்குத் தெரியும். ஒரு கைப்பிடி இலையை இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார். உருண்டை சட்டென்று பிரிந்தால் இன்னும் வாடவில்லை என்பார். கிடைத்த நேரத்தில் ஒரு நோட்டில் கோடு போட்டு, மூடுபனியா வெயிலா, ஃபேன் எத்தனை மணி ஓடியது, இலை எப்படி இருந்தது என்று எழுத ஆரம்பித்தார். கையிலிருந்த பக்குவம் காகிதத்துக்கு வந்தது. புதிதாகச் சேரும் பையன்கள் இப்போது அந்த நோட்டைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். அவரிடம் நேரம் மட்டும் இல்லாமல் இருந்தது, அறிவு எப்போதும் இருந்தது.

'சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்து இருந்து கற்றுக்கொள்ளுங்கள்' என்கிறார்கள். இதுவும் அதுதானா?

இல்லவே இல்லை. வேலையைக் குறைக்காமல் மேலே ஏற்றினால் அதற்குப் பெயர் ஓவர்டைம். தொழிற்சாலையில் வாரம் 48 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்பது சட்டம். மனதில் பட்டதைச் சொல்கிறேன்: இந்தத் திட்டம் பல இடங்களில் செத்துப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

அந்த நேரத்தில் நான் எழுதும் ஆப் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, பணியின் பகுதியாகச் செய்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கே. உங்களுக்கே வேண்டுமென்றால் தொடங்கும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சும்மா போன் பார்த்துக்கொண்டிருந்தால்?

சிலர் பார்ப்பார்கள். மாதம் ஒருமுறை செய்ததைச் சக ஊழியர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள், போதும். வருகைப் பதிவேடு வேண்டாம்.

ஊட்டியில் லாட்ஜ் வைத்திருக்கிறேன். ரிசப்ஷன் பெண் இங்கிலீஷ் படிக்க நேரம் கேட்கிறாள்.

தாராளமாகக் கொடுங்கள். சீசன் முடிந்து ஜூலை மழையில் தொடங்கலாம். அந்த ஒரு மணி நேரம் கவுன்டரில் வேறு ஆளை உட்கார வையுங்கள். பெல் அடித்தால் அவள்தான் எழுந்து ஓட வேண்டும் என்றால் படிப்பு ஏறாது.