கூரை வீட்டை இடிக்கலாமா? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். நான் நன்னிலம் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவள். அப்பாவுக்குப் பண்ணை வேலை, அம்மாவுக்கு நடவு, களை, அறுப்பு. காரைக்கால் மாப்பிள்ளை, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம் என்று சின்ன வயதிலேயே கட்டிக்கொடுத்தார்கள். இப்போது பாரிசுக்குப் பக்கத்தில் சார்செலில் இருக்கிறேன். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள், ஒரு குறையும் இல்லை. ஆனால் பிறந்த கூரை வீடு மட்டும் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே தம்பி குடும்பம்தான் இருக்கிறது. குடிசையில் இருப்பவர்களுக்கு வீடு கட்ட அரசாங்கம் பணம் தருகிற கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் பேர் வந்திருக்கிறது, இடித்துவிட்டுத் தளம் போட்டுக் கட்டப் போகிறேன் என்றான். "கூரை மாத்த நான் பணம் தரேன், அதை அப்படியே வச்சிரு, புது வீட்டை வேற எடத்துல கட்டிக்க" என்று சொன்னேன். அன்றிலிருந்து அவன் சரியாகப் பேசவில்லை, தம்பி பெண்டாட்டி போனையே எடுப்பதில்லை. நான் கேட்டது தப்பா?
– பெயர் வேண்டாம், சார்செல், பிரான்சு

பதில்: தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்னது ஒன்று, அவர்கள் காதில் விழுந்தது வேறு ஒன்று.

முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் ஊருக்கு வருவது எந்த மாதத்தில்? பிள்ளைகள் படித்த காலத்தில் பிரான்சுப் பள்ளிக்கூட லீவை வைத்து ஜூலை, ஆகஸ்டில்தான் வந்திருப்பீர்கள், அந்தப் பழக்கம் இன்னும் மாறியிருக்காது. நம் ஊரில் அது ஆடி, ஆவணி. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்த வருஷமாக இருந்தால் வாய்க்காலில் புதுத்தண்ணி ஓடும், குறுவை பச்சைப் பசேலென்று நிற்கும், பதினெட்டாம் பெருக்குக்குக் காப்பரிசி கிளறுவார்கள், கூரை காய்ந்து கிடக்கும், மெழுகின தரை சில்லென்று இருக்கும். அந்த நேரத்தில் கூரை வீடு மாதிரி சுகம் எதிலும் இல்லைதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அந்த வீட்டில் நீங்கள் கடைசியாக எப்போது படுத்தீர்கள்? கல்யாணத்துக்கு முன்னால்தானே?

நானும் கூரை வீட்டில் வளர்ந்தவள்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன். அடைமழை பிடித்தால் முதலில் ஒழுகுவது முகட்டுப் பக்கம். அங்கே ஒரு குண்டான், இங்கே ஒரு ஈயச்சட்டி, மிச்ச இடத்தில் பாயைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார வேண்டும். வெளியே மண்சுவரின் அடி சாரலில் ஊறிக் கரைய ஆரம்பிக்கும், அம்மா சாக்கை அண்டக் கொடுப்பாள், மறுநாள் பார்த்தால் அந்த இடத்தில் கை நுழைகிற அளவுக்குப் பொந்து. அடுப்பு ஈரம், விறகு ஈரம். சம்பா நடவும் களையும் முடிந்துவிட்டால் தை அறுப்பு வரைக்கும் வேலையும் கிடையாது, அதனால் அந்த இரண்டு மூன்று மாதம் வயிறும் காலிதான். பூரான், பாம்பு பற்றி நான் சொல்லத் தேவையில்லை. இதெல்லாம் உங்களுக்கு மறந்திருக்காது, ஆனால் நினைவில் மேலே மிதந்து வருவது அது இல்லை, அம்மா பக்கத்தில் படுத்திருந்ததுதான். அதில் ஒன்றும் பொய் இல்லை. ஆனால் தம்பி பெண்டாட்டிக்கு அந்த வீட்டில் அம்மா கிடையாது, மாமியார்தான் இருந்தார், அப்புறம் ஒழுகல் இருந்தது, இப்போது ஒழுகல் மட்டும் இருக்கிறது.

அடுத்து, கூரை மாற்றப் பணம் தருகிறேன் என்றீர்கள். பணத்தால் மட்டும் கூரை மாறாது. தென்னை மட்டையை நடுவில் பிளந்து, குளத்தில் ஊறப்போட்டு, எடுத்துக் கீற்று முடைய வேண்டும். நம் அம்மாக்கள் வேலை இல்லாத நாளில் திண்ணையில் உட்கார்ந்து முடைந்து அடுக்கிவிடுவார்கள், இப்போது விலைக்குத்தான் வாங்க வேண்டும். மூங்கிலும் வரிச்சலும் கயிறும் தனி. மேலே ஏறி வேய்கிறவர் ஊருக்கு ஒருத்தர் இருந்தால் அதிகம், அவருக்கும் வயதாகியிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் தென்னை தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை அங்கே டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இத்தனை பாடுபட்டு வேய்ந்தாலும் இரண்டு மழைக்காலத்துக்கு மேல் தாங்காது, மறுபடி மாற்றணும். நெருப்புப் பயம் வேறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரையில் பிடித்த தீயில் 94 குழந்தைகள் போனார்கள். டெல்டாவில் பிள்ளை வைத்திருக்கிற எந்த வீட்டிலும் அதை மறந்திருக்க மாட்டார்கள்.

"வேற எடத்துல கட்டிக்க" என்றீர்களே, அதுதான் அவர்களை ரொம்பக் குத்தியிருக்கும். வேறு இடம் எங்கே இருக்கிறது? உங்கள் அப்பா பண்ணையில் வேலை பார்த்தவர் என்கிறீர்கள், அப்படியானால் அந்த மனையே மிராசுதாரிடமிருந்தோ கோயிலிடமிருந்தோ குடியிருப்பாக வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பழைய தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாளுக்குக் குடியிருந்த மனையும் சொந்தம் இல்லை. கூலியைக் கூட்டிக் கேட்டால் "மனையைக் காலி பண்ணு" என்பதுதான் பதில். 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில் கூலிப் போராட்டத்தின் நடுவே ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டதும் இதே மண்ணில்தான். 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகுதான் விவசாயத் தொழிலாளிக்கு அவர் குடியிருந்த மனை சொந்தமாகும் என்று ஆனது. உங்கள் அப்பாவிடம் பட்டா இருந்தது என்றால், அந்தக் காகிதத்துக்குப் பின்னால் எத்தனை பேர் அடி வாங்கியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தம்பி கையில் இருக்கிற ஒரே சொத்து அந்த மனைதான். அதன் மேல்தான் அவர் கட்ட முடியும்.

இனி உங்கள் கடிதத்தில் இல்லாத ஒரு விஷயம். பட்டா இன்னும் அப்பா பேரில் இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கு எவ்வளவோ அவ்வளவு மகளுக்கும் உண்டு. நீங்கள் பிரெஞ்சுக் குடிமகளாக ஆகியிருந்தாலும் அப்பா வழியில் வருகிற பங்கு போய்விடாது. இது தம்பிக்கும் தெரியும், தம்பி பெண்டாட்டிக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் நீங்கள் பாசத்தில் "இடிக்காதே" என்றது அங்கே "எனக்கும் அதில் பங்கு இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்" என்றுதான் கேட்டிருக்கும். போனை எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை, பயம் என்றே நினைக்கிறேன்.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்குப் பங்கு வேண்டுமா, வேண்டாமா என்று முதலில் நீங்களே தீர்மானம் பண்ணுங்கள். விட்டுக்கொடுக்கச் சொல்லி நான் சொல்ல மாட்டேன். கூடப் பிறந்தவனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு வந்து தங்க ஒரு மூலை இல்லாமல் அழுத பெண்களின் கடிதமும் இந்தப் பகுதிக்கு வரத்தான் செய்கிறது. பங்கு வேண்டும் என்றால் நேராகச் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுங்கள், வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. வந்திருக்கும்போதே சார்பதிவாளர் ஆபீசில் முடிப்பது சுலபம். வர முடியாவிட்டால் பாரிஸ் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி, உங்களுக்குப் பதிலாக இங்கே ஒருவர் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம்; அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும், பல பேர் கோட்டை விடுவது இதில்தான்.

கனவு இல்லம் திட்டத்தில் அரசாங்கம் தருவது மூன்றரை லட்சம், வீடு குறைந்தது 360 சதுர அடி. இன்றைக்கு விற்கிற செங்கல், கம்பி விலையில் மேலே கைக்காசு போடாமல் அது முடியாது. கூரை மாற்ற வைத்திருந்த பணத்தை அதில் போடச் சொல்லிக் கொடுங்கள், நிபந்தனை ஒன்றும் வேண்டாம். ஒரே ஒரு ஆசையை மட்டும் கேட்கலாம்: வாசலில் அந்தப் பழைய அளவில் ஒரு திண்ணை. அதைக்கூட உத்தரவாகச் சொல்லாமல், தம்பி பெண்டாட்டியிடம் கேளுங்கள். அவர் மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

இடிப்பதற்கு முன்னால் தம்பி மகனையோ மகளையோ விட்டு வீட்டை நாலு பக்கமும் போனில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முகட்டுக் கழி, அடுப்பங்கரை, உறி தொங்கிய இடம், வாசல்படி எல்லாம். எந்த அறை எத்தனை அடி என்று அளந்து குறித்துக்கொள்ளவும் சொல்லுங்கள். முடிந்தால் இந்த வருஷம் ஜூலையில் வர வேண்டாம், கார்த்திகையில் வாருங்கள். புது வீட்டில் தளத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு மழை பெய்வதைக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சத்தம் கீற்றில் கேட்ட மாதிரி இருக்காது, அது வருத்தம்தான், அதற்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

கேள்வி: எங்கள் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலாயா வந்தவர். "தஞ்சாவூர் ஜில்லா" என்பதும் ஒரு ஊர்ப் பெயரும்தான் எங்களிடம் இருக்கிறது. அந்த வீட்டு வாசலையாவது ஒரு தடவை மிதிக்க ஆசை. எப்படித் தேடுவது?
– ஒரு வாசகர், கிள்ளான், மலேசியா

பதில்: தஞ்சாவூரில் போய் நின்றுகொண்டு தேடாதீர்கள். அந்தக் காலத்து ஜில்லா இப்போது பல துண்டாகிவிட்டது. நாகப்பட்டினம் 1991-ல் பிரிந்தது, திருவாரூர் 1997-ல், மயிலாடுதுறை 2020-ல். உங்கள் ஊர் இதில் எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். ஊர்ப் பெயரை மட்டும் நம்புவதும் ஆபத்து, மங்கலம் என்றும் நல்லூர் என்றும் குடி என்றும் முடிகிற ஊர்கள் ஒரே பெயரில் நாலைந்து கிடக்கும். வீட்டுப் பெரியவர்களிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: குலதெய்வம் எது, கோயில் எந்த ஆற்றங்கரை, ரயிலுக்கு எந்த ஸ்டேஷனில் இறங்குவார்கள். குலதெய்வம் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மாசி மகா சிவராத்திரிக்கு அந்தக் கோயிலுக்குப் போனால் பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே இடத்தில் இருப்பார்கள். வீடு இருக்காது என்பதற்கு மட்டும் இப்போதே மனசைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள். மண்வீடு நாலு தலைமுறை நிற்காது, மனையும் வேறு ஒருத்தர் பேரில் போயிருக்கும். அங்கே குடியிருப்பவரிடம் முதல் வார்த்தையாகவே "சும்மா பார்த்துட்டுப் போகத்தான் வந்தோம், சொத்துக்கு வரலை" என்று சொல்லிவிட்டால் காப்பி கிடைக்கும்.

கேள்வி: என் அம்மா கூலிக்கு நடவு நட்ட அதே ரெண்டு மா நிலம் (ஒரு மா என்பது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) விலைக்கு வருகிறது. அதை அம்மா பேரைச் சொல்லி நானே வாங்க வேண்டும் என்று வெறியாக இருக்கிறது. நான் கனடா குடியுரிமை வாங்கியவன், இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு தருகிற ஓ.சி.ஐ. கார்டு இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், டொரண்டோ

பதில்: வெறி நியாயமானது, ஆனால் சட்டம் இடம் கொடுக்காது. ஓ.சி.ஐ. கார்டு வைத்திருப்பவர் இங்கே வீடு வாங்கலாம், கடை வாங்கலாம்; விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்கக் கூடாது. இந்திய பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் குடியிருப்பவருக்கும் இதே கட்டுப்பாடுதான். பரம்பரையாக வந்தால் வைத்துக்கொள்ளலாம், அது வேறு. மச்சான் பேரில் வாங்கி வைக்கிறேன், மாமா பேரில் வாங்கி வைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், பினாமி சட்டமும் பார்த்துக்கொண்டிருக்கிறது, மச்சானும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அம்மா உயிரோடு ஊரில்தான் இருக்கிறார் என்றால் பணத்தை அவருக்கே முறைப்படி பேங்க் வழியாக அனுப்பி, அவர் பேரிலேயே கிரயம் பண்ணச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றிதழ் முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்கள், அது கோயில் நிலமா என்று ஒரு தடவை விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.