மனுவாக வேண்டாம், கேள்வியாகக் கொடுங்கள்

கேள்வி: ஆழ்கடலில் ஆள் காணாமல் போனால் தேடுவதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதை மக்களவையில் கேட்க வைக்க வேண்டும். எம்.பி.யிடம் மனு கொடுத்தால் போதுமா?
- வாசகர், தூத்தூர்

பதில்: போதாது. மனு பெரும்பாலும் ஒரு முகப்புக் கடிதத்தோடு அமைச்சகத்துக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். எம்.பி. அப்படியே தாக்கல் செய்யும்படி கேள்வியாகவே எழுதி, ஆங்கில வடிவத்தையும் இணைத்துக் கொடுங்கள்.

எந்த அமைச்சகம் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் மீன்பிடிப்பு மாநிலப் பட்டியலில் வரும், அதற்கு அப்பால் ஒன்றியப் பட்டியல். மாநில விவகாரத்தைக் கேட்டால் மக்களவைச் செயலகமே தள்ளிவிடும். தேடுதலில் இறங்கும் கடலோரக் காவல் படை பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வேறு நாட்டில் படகு பிடிபட்டால் அது வெளியுறவுத் துறை. இரண்டையும் ஒரே கேள்வியில் கலக்காதீர்கள்.

150 சொற்களுக்குள் முடியுங்கள். வாதமும் குற்றச்சாட்டும் இருந்தால் ஏற்க மாட்டார்கள், நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளதற்கும் இடமில்லை. "மீனவர்மீது ஏன் அக்கறை இல்லை?" என்பது நிற்காது. "கடந்த 3 ஆண்டுகளில் கன்னியாகுமரி மாவட்டப் படகுகளைத் தேடக் கோரி வந்த தகவல்கள் எத்தனை? ஒவ்வொன்றிலும் எத்தனை மணி நேரத்தில் கப்பலோ விமானமோ புறப்பட்டது?" என்பது நிற்கும். எண்ணைக் கேட்டால் மழுப்புவது கடினம்.

பதில் வர வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே கேள்வியைக் கொடுத்தாக வேண்டும். ஒவ்வோர் அமைச்சகத்துக்கும் பதில் சொல்லும் கிழமை தனி. ஆகவே கூட்டத்தொடர் தேதி வெளியான வாரமே எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளுக்கு 20தான், குலுக்கலில் விழ வேண்டும். அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். ஆனால் அவையில் அமளி என்றால் கேள்வி நேரமான அந்த ஒரு மணி நேரமே போய்விடும். குறியில்லாத கேள்விகள் 230 வரை வரும், பதில் எழுத்தில். உங்கள் காரியத்துக்கு இதுவே மேல்: பதில் ஆவணமாகிறது, நாடாளுமன்ற இணையதளத்தில் யாரும் எடுக்கலாம்.

உங்கள் தொகுதி எம்.பி.தான் கேட்க வேண்டும் என்றில்லை, அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் கேட்கலாம்.

"பரிசீலனையில் உள்ளது", "விவரம் திரட்டப்படுகிறது" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள். இத்தகைய பதில்கள் உறுதிமொழிக் கணக்கில் சேரும், 3 மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க அரசு உறுதிமொழிக் குழு என்றே தனிக் குழு இருக்கிறது. கேள்வி எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, நிலை என்ன என்று எம்.பி. மூலம் கேளுங்கள்.