டிசம்பரில் அம்மா அப்பாவுடன் மூன்று நாள் மும்பை: எங்கே தங்கலாம், எதைப் பார்க்கலாம்?

மாட்டுங்காவில் தங்குங்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் இடம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காலை ஏழரைக்கே இட்லி, ஃபில்டர் காபி கிடைத்துவிடும். கஃபே மெட்ராஸுக்கு ஞாயிறு காலை மட்டும் போகாதீர்கள், வரிசையிலேயே பசி செத்துவிடும். பெயர்தான் மெட்ராஸ், சாம்பார் உடுப்பிப் பக்கம்.

டிசம்பர் நல்ல தேர்வு. மழை இல்லை, புழுக்கமும் குறைவு. ஆனாலும் மதிய வெயில் சுடும். பெரியவர்களை அந்த நேரத்தில் வெளியே இழுக்க வேண்டாம்.

நம் மெரினாவில் கடலிலிருந்து சூரியன் எழும்பும். இங்கே கடலுக்குள் இறங்கும். அதனால் மரீன் டிரைவுக்கு மாலை ஐந்தரைக்கு முன்பே போய்விடுங்கள். மாட்டுங்கா ரோடு ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் (எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் மின்சார ரயில்) பிடித்து சர்ச்கேட்டில் இறங்கினால் கடல் நடை தூரம்தான். திரும்பும்போதுதான் சிக்கல்: ஆபீஸ் கூட்டம் வடக்கே பாயும் நேரம் அது. எட்டரை மணி வரை உட்கார்ந்து சுண்டல் மாதிரி எதையாவது கொறியுங்கள், அல்லது டாக்ஸி எடுங்கள். என் அப்பாவை ஒருமுறை ஏழு மணி வண்டியில் ஏற்றினேன். இறங்கும்போது ஒரு செருப்பு இல்லை.

தீவிலிருக்கும் எலிஃபெண்டா குகைகளுக்குக் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம். திங்கட்கிழமை விடுமுறை. மேலே போக நிறைய படிகள், முழங்கால் வலி இருந்தால் யோசியுங்கள். ஜூஹு கடற்கரை? பாவ் பாஜிக்குப் போகலாம், குளிக்க வேண்டாம்.